டெமோவுக்குப் போகும்போது உங்கள் டிசி (டெலிவரி சலான்) புத்தகத்தையும் எடுத்துப் போங்கள்: சிறு தொழிலுக்கு டேட்டாபேஸ் கருவி தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை முழுவதையும் பார்க்கிறவன் நான். படித்தது பி.காம்., கணினிப் படிப்பு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி கூப்பிட்டு, “எக்செல்ல லாட் கணக்குப் பார்த்தது போதும், ஒழுங்கா ஒரு சிஸ்டம் பண்ணுப்பா” என்றார். முதல் முயற்சியில் எட்டு மாதம் போனது. டெமோ பார்த்தோம், திரை பளபளவென்று இருந்தது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். எட்டாம் மாதம் எக்செல்லுக்கே திரும்பினோம். இரண்டாம் முயற்சி ஏழு வாரத்தில் முடிந்தது, இன்றும் ஓடுகிறது. அந்தத் தடவை விற்கிறவருடைய மாதிரிக் கணக்கை நான் பார்க்கவே இல்லை. எங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான ஒரு லாட்டை (சேர்த்து ஒரே கணக்காகப் பார்க்கும் ஒரு தொகுதித் துணியை) எடுத்துக்கொண்டு போய், “இதைப் போட்டுக் காட்டுங்க” என்று உட்கார்ந்துவிட்டேன்.

ரெடிமேட் கணக்கு மென்பொருள் வாங்குவது பற்றி இங்கே எழுதவில்லை. டேபிள் (பதிவுகள் சேரும் பட்டியல்), ஃபார்ம் (பதிவு போடும் திரை), ரிப்போர்ட் எல்லாவற்றையும் நாமே கட்டிக்கொள்கிற, அல்லது ஒருவரை வைத்துக் கட்டிக்கொள்கிற கருவிகளைப் பற்றித்தான். மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ், ஸோஹோ கிரியேட்டர், ஃபிராப்பே, ஆரக்கிள் ஏபெக்ஸ் மாதிரியானவை. உதாரணமெல்லாம் பனியன் தொழிலில் இருந்து வரும். உங்களுடையது அரிசி மண்டியோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையோ, உங்கள் கணக்கை அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

1. எந்த ஒரு வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள்

லெட்ஜர், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேலன்ஸ் ஷீட் இதெல்லாம் டேலியிலோ வேறு எதிலோ ஏற்கெனவே ஓடுகிறதா? அதைத் தொடாதீர்கள். ஆடிட்டருக்குப் பழகிய இடத்தைக் கலைத்தால் அடுத்த மார்ச் முழுவதும் உங்களுக்குத் தூக்கம் இருக்காது.

கணக்கு மென்பொருளில் அடங்காத ஒரு வேலை எல்லாத் தொழிலிலும் இருக்கும். அதுதான் எக்செல்லில் கிடந்து அல்லாடும். எங்களுக்கு அது ஜாப் ஒர்க், அதாவது வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை: நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி டையிங்குக்கு (சாயம் போட), அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு (பிறகு சுருங்காமல் இருக்க), பிறகு கட்டிங். எந்தத் துணி எத்தனை கிலோ எந்தப் பார்ட்டியிடம் (வேலை செய்து தருகிறவரிடம்) இருக்கிறது என்று எந்த நேரம் கேட்டாலும் சொல்ல வேண்டும். இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். சம்பளம், வருகைப் பதிவு, மெஷின் சர்வீஸ் எல்லாவற்றையும் சேர்த்தே செய்துவிடலாம் என்று கிளம்பியதுதான் எங்கள் முதல் எட்டு மாதத்தைத் தின்றது.

2. ட்ரயல் தொடங்கும் முன் காகிதங்களைச் சேருங்கள்

பெரும்பாலான இணையச் சேவைகள் 15 நாளோ 30 நாளோ இலவசமாகப் பார்க்க விடும். கணக்கைத் திறந்ததும் அந்த நாட்கள் ஓட ஆரம்பித்துவிடும். நான் முதல் தடவை திறந்துவிட்டுத்தான் காகிதம் தேடப் போனேன். பாதி நாள் அதிலேயே போயிற்று. ஆகவே கீழே உள்ளவை மேசைக்கு வரும் வரை எந்த ட்ரயலையும் திறக்காதீர்கள்.

கடைசி ஒரு மாத டிசி புத்தகம், கார்பன் நகலோடு. டிசி என்றால் டெலிவரி சலான், சரக்கோடு அனுப்பும் சீட்டு; உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கலாம். அதே மாதம் பார்ட்டிகளிடம் இருந்து திரும்பி வந்த சரக்கின் ரசீதுகள். பார்ட்டி பட்டியல், ஜிஎஸ்டி எண்ணோடு. அந்த எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். பட்டியலில் 14 எழுத்தோடு நிற்பது எத்தனை என்று ஒருமுறை பாருங்கள். எங்களிடம் ஏழு இருந்தன.

அப்புறம் பொருள் பட்டியல். இதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ஒரே துணி எங்கள் எக்செல்லில் நான்கு பெயரில் இருந்தது: 30 சிங்கிள் ஜெர்சி, 30 எஸ்ஜே, எஸ்.ஜே. 30, 30ஸ் ஜெர்சி. எந்த மென்பொருளும் இதைத் தானாகச் சரி செய்யாது. ஒருத்தர் உட்கார்ந்து ஒரு வாரம் செய்ய வேண்டிய வேலை. இதற்கு நேரம் ஒதுக்காமல் விலை பேசப் போனால், “டேட்டா கிளீனிங்” என்று ஒரு வரி கொட்டேஷனில் ஏறி வரும்.

கடைசியாக, தகராறு ஆன காகிதங்கள். எடை குறைந்து சண்டை வந்த லாட், ரேட் நடு மாதத்தில் மாறிய பில், தவறாகப் போட்டுக் கேன்சல் ஆன டிசி, திரும்பி வந்த சரக்கு. ஒரு பத்துப் பதினைந்து போதும், தனி ஃபைலில் போடுங்கள். அதுதான் உங்கள் தேர்வுத் தாள்.

எக்செல்லில் இருந்து எடுக்கும்போது ஒரு பொறி. 0087 என்ற டிசி எண்ணை எக்செல் 87 ஆக்கியிருக்கும். 3-5 என்ற லாட் எண்ணைத் தேதி ஆக்கியிருக்கும். அந்தப் பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினாலும் ஏற்கெனவே கெட்டது திரும்பாது. டிசி புத்தகத்தைப் பார்த்துக் கையால்தான் திருத்த வேண்டும்.

3. கருவிகளைச் சட்டென்று வடிகட்டுங்கள்

எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. மூன்று கேள்விதான். எத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள்? ஆபீஸுக்கு வெளியே இருந்து பார்க்க வேண்டுமா? கட்டியவர் போய்விட்டால் அடுத்தவர் கிடைப்பாரா?

ஆக்சஸ்: ஒரே ஆபீஸ், நாலைந்து பேர், எல்லோரிடமும் விண்டோஸ் என்றால் இன்றும் நல்ல கருவி. ஃபார்ம் கட்டும் வேகத்தில் இதற்கு ஈடு குறைவு. கட்டுகிறவருக்கு மட்டும் முழு ஆக்சஸ் இருந்தால் போதும். மற்றவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ரன்டைமில் (கட்ட முடியாது, ஓட்ட மட்டும் முடியும் பதிப்பில்) ஓட்டலாம். ஆனால் ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் போகாது. டேபிள்கள் ஒரு கோப்பிலும், ஃபார்ம்கள் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாகவும் இருக்கும்படி பிரித்தே வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே கோப்பைத் திறந்து வேலை பார்ப்பதும், வைஃபை வழியாக ஓட்டுவதும், டிராப்பாக்ஸ் மாதிரி ஒத்திசைவு ஃபோல்டரில் வைப்பதும் கோப்பைக் கெடுக்கும் மூன்று வழிகள். கேபிள் இழுங்கள்.

ஆக்சஸ் ஃபார்ம், பின்னால் டேபிள்களை வைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்: பத்துப் பேர் வரை உள்ள ஆபீஸுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். எக்ஸ்பிரஸ் இலவசம். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி எல்லை. டிசி கணக்குக்கு அது வருடக்கணக்கில் போதும். அதில் நேரம் குறித்துத் தானே பேக்கப் எடுக்கும் ஏஜென்ட் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் கட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யாமலே விட்டுப் போகிறவர்கள் அதிகம்.

ஸோஹோ கிரியேட்டர் மாதிரி இணையக் கருவிகள்: சர்வர், பேக்கப், மின்சாரம் எந்தக் கவலையும் இல்லை. குடோனில் இருப்பவர் மொபைலிலேயே ரசீது போடலாம். செலவு ஆள் எண்ணிக்கையோடு ஏறும். எழுதும் நிரல் டெலூஜ் என்ற அவர்களுடைய சொந்த மொழியில் இருக்கும். பிற்காலத்தில் வெளியே போனால் டேட்டாவை எடுத்துப் போகலாம், அந்த நிரலை எடுத்துப் போய் வேறு இடத்தில் ஓட்ட முடியாது. தெரிந்தே போனால் இதில் தப்பில்லை.

ஃபிராப்பே, அதன் மேல் கட்டிய ஈஆர்பிநெக்ஸ்ட் (நிறுவனத்தின் எல்லா வேலைக்குமான மென்பொருள்): திறமூலம், லைசென்ஸ் கட்டணம் இல்லை. ஆனால் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள, பைத்தான் தெரிந்த ஆள் வேண்டும். ‘இலவசம்’ என்று சொல்லி முதலாளியிடம் போகாதீர்கள், அந்த ஆளின் சம்பளத்தைச் சொல்லிப் போங்கள்.

ஆரக்கிள் ஏபெக்ஸ்: ஏற்கெனவே ஆரக்கிள் தெரிந்த ஒருவர் கையில் இருந்தால் மட்டும் பாருங்கள். இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பான 21சி-யில் 12 ஜிபி பயனர் டேட்டா வைக்கலாம். லிப்ரேஆபீஸ் பேஸ் ஒரே ஆள் ஒரே கணினியில் பயன்படுத்த சரி, அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டு கருவிகளாகக் குறைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். மூன்று என்றால் மூன்றாவதைச் சோதிக்கும் முன் சலித்துப் போய்விடுவீர்கள்.

4. உங்கள் மோசமான லாட்டைப் போட்டுப் பாருங்கள்

எங்கள் தேர்வுத் தாளில் முதல் கேள்வி இப்படி இருந்தது. கோரா துணி (சாயம் போடாதது) மொத்தம் 412.6 கிலோ. டையிங்குக்கு இரண்டு டிசியில் போனது: 250.4, 162.2. திரும்பி வந்தது மூன்று தடவையாக: 180.3, 121.5, 95.4. கூட்டினால் 397.2. குறைவு 15.4 கிலோ. பேசிய லாஸ் 3 சதவீதம், அதாவது 12.378 கிலோ. அதற்கு மேல் குறைந்த 3.022 கிலோவுக்கு டையிங்காரரிடம் டெபிட் நோட் (அவர் கணக்கில் கழிக்கும் சீட்டு) போட வேண்டும்.

பார்க்க எளிய கணக்கு. ஆனால் இரண்டு டிசி போய் மூன்று ரசீது வந்ததில், எந்த ரசீது எந்த டிசிக்கு? நடு ரசீதில் இரண்டு டிசியின் துணியும் கலந்து வந்திருந்தது. முதல் தடவை நாங்கள் ஏமாந்த சிஸ்டத்தில் ‘ஒரு டிசி, ஒரு ரசீது’ என்றுதான் கட்டியிருந்தார்கள். டெமோவில் அப்படித்தானே காட்டினார்கள்! நாங்களும் தலையாட்டினோம். பிறகு அதை மாற்றச் சொன்னபோது, அடியில் உள்ள டேபிளையே பிரிக்க வேண்டும் என்று புதிதாக ஒரு கொட்டேஷன் வந்தது. ரசீதின் ஒவ்வொரு வரியும் தனக்குரிய டிசி வரியைக் காட்ட வேண்டும், ஒரு ரசீது பல டிசிக்குப் பிரிய வேண்டும். கட்டுகிறவரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது.

இரண்டாம் கேள்வி: துணி டையிங்கில் இருந்து நம் குடோனுக்கு வராமல் நேராகக் காம்பாக்டிங்குக்குப் போகிறது. நம் ஸ்டாக்கில் அது எங்கே இருக்கிறது? ‘குடோனில் உள்ளது’, ‘வெளியே உள்ளது’ என்று இரண்டே இடம் வைத்துக் கட்டியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பார்ட்டியும் ஒரு குடோன் மாதிரி இருக்க வேண்டும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. ஐடிசி-04 படிவத்திலும் இந்த நடமாட்டம்தான் போகிறது. ஆகவே ‘300 நாளுக்கு மேல் பார்ட்டியிடம் கிடக்கும் துணி’ என்று ஒரு ரிப்போர்ட் கேளுங்கள். கட்டுகிறவர் உங்கள் முன்னாலேயே அதை எடுத்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடம் என்றால் கருவி நல்ல கருவி, ஆளும் நல்ல ஆள். ‘அனுப்பி வைக்கிறேன் சார்’ என்றால் யோசியுங்கள்.

எடையை எப்படிச் சேமிக்கிறது என்றும் பாருங்கள். ஆக்சஸில் எண் வகை வைத்தால் இயல்பாக வருவது லாங் இன்டிஜர், அதாவது முழு எண். 412.6 என்று அடித்து நகர்ந்தால் 413 ஆகிவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. வேறு கருவியில் வேறு மாதிரி. மூன்று தசமம் உள்ள எடையை அடித்து, சேமித்து, மூடித் திறந்து பாருங்கள். அப்படியே நூறு வரி கூட்டி, கால்குலேட்டரோடு ஒத்துப் பாருங்கள்.

அதற்கு அப்புறம் முரட்டுச் சோதனைகள். இவற்றை நீங்களே செய்யுங்கள், விற்கிறவர் செய்ய மாட்டார்.

இரண்டு கணினியில் இரண்டு பேர் உட்கார்ந்து ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொல்லி ஒரே நேரத்தில் பில் சேமியுங்கள். ஒரே எண் இரண்டு பில்லுக்கு விழுகிறதா? ஒரு பில்லைக் கேன்சல் செய்தால் எண் தொலைந்து போகிறதா, ‘கேன்சல்’ என்று வரிசையில் நிற்கிறதா? ஜிஎஸ்டி பில் எண் தொடர் வரிசையில், நிதியாண்டுக்குள் திரும்ப வராமல், 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். டேட்டாபேஸ் தானாகப் போடும் ஆட்டோ நம்பரைப் பில் எண்ணாக வைத்தால் நடுவில் ஓட்டை விழும். ஆடிட்டர் முதலில் கேட்பது அந்த ஓட்டையைத்தான்.

பாதி டிசி அடித்துக்கொண்டிருக்கும்போது கணினியின் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பப் போட்டதும் அடித்த வரை எல்லாம் உள்ளே நிற்கிறதா, முழுதும் இல்லையா? இரண்டில் எதுவானாலும் சரி, ‘தலைப்பு இருக்கிறது, வரிகள் இல்லை’ என்ற நிலை மட்டும் வரக் கூடாது.

பேக்கப் எடுத்துக் காட்டச் சொல்லாதீர்கள், அதை எல்லோரும் காட்டுவார்கள். வேறு ஒரு கணினியில் அந்தப் பேக்கப்பை ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பழைய சிஸ்டத்தில் தினமும் பேக்கப் ஆகிக்கொண்டுதான் இருந்தது. திறந்து பார்த்த அன்றுதான் தெரிந்தது, ஃபார்ம்கள் மட்டும் பேக்கப் ஆகியிருந்தன, டேட்டா இல்லை.

5. தமிழைச் சோதியுங்கள்

இதை ஏன் தனிப் படியாக வைக்கிறேன் என்றால், டெமோ எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும், நம் குடோனில் வேலை தமிழில் நடக்கும்.

பழைய டேட்டா பாமினி மாதிரி எழுத்துருவில் இருந்தால், அது உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கும். எழுத்துருவை எடுத்தால் கிறுக்கல். எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரில் பெயர்ப் பத்தியின் வகையை வார்கேர் (varchar) என்று வைத்திருந்தால் தமிழ்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிப்பாகலாம். என்வார்கேர் (nvarchar) என்று வைக்கச் சொல்லுங்கள். கேள்விக்குறியான பெயரைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

தேடலில் ஒரு விசித்திரம். எங்கள் பார்ட்டிகளில் ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பெயர் திரையில் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை. அரை நாள் மண்டையை உடைத்த பிறகு புரிந்தது: அந்த எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. விசைப்பலகைச் செயலிக்குச் செயலி எது வரும் என்பது மாறும். ஒரே பார்ட்டி இரண்டு தடவை ஏறி, பாக்கி இரண்டாகப் பிரிந்து நின்றது. சேமிக்கும்போதே ஒரே வடிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். ‘கொ’ மாதிரி எழுத்தையும் ஒற்றைக் கொம்புக் குறியும் காலும் தனித்தனியாக அடித்து உருவாக்க முடியும். அதையும் அதே இடத்தில் சரி செய்துவிடலாம்.

பிரின்டை மறக்காதீர்கள். பிடிஎஃப் எடுத்து, ‘கொ’, ‘கை’, ‘ஸ்ரீ’ மூன்றும் உடையாமல் வருகிறதா பாருங்கள். டாட் மேட்ரிக்ஸ் வைத்திருக்கிறவர்கள் உங்கள் பிரின்டரையே தூக்கிக்கொண்டு போய்ச் சோதிப்பது நல்லது. டிசி மூன்று நகல் வேண்டும்: பெறுகிறவர், வண்டிக்காரர், நமக்கு ஒன்று. டாட் மேட்ரிக்ஸில் தமிழ் படமாகத்தான் அடிக்கும், வேகம் குறையும். சாயங்காலம் ஆறு மணிக்கு நான்கு வண்டி வாசலில் நிற்கும்போதுதான் அந்த வேகத்தின் அருமை தெரியும்.

6. செலவை மூன்று வருடத்துக்குப் போடுங்கள்

முதல் வருடக் கணக்கைப் பார்த்து முடிவு செய்தால் இணையக் கருவிதான் எப்போதும் மலிவாகத் தெரியும். ஒரு பேச்சுக்கு, ஆளுக்கு மாதம் 800 ரூபாய், 12 பேர் என்று வையுங்கள். வருடத்துக்கு 1,15,200. மூன்று வருடத்துக்கு 3,45,600. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 62,208. ஆக 4,07,808 ரூபாய். ஜிஎஸ்டி பகுதி உள்ளீட்டு வரியாகத் திரும்பும் என்றாலும் முதலில் கையில் இருந்துதான் போகும். 800 என்பது கணக்குக்காக நான் வைத்தது; உங்கள் கொட்டேஷனில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் 12 பேருக்கும் முழு லைசென்ஸ் வேண்டுமா என்பதுதான் இங்கே பணம் மிச்சமாகும் இடம். எங்களில் டேட்டா ஏற்றுகிறவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் காலையில் ஒரு ரிப்போர்ட் பார்க்கிறவர்கள். அந்த ரிப்போர்ட்டை மெயிலில் தானாக அனுப்பிவிட்டால் லைசென்ஸே தேவையில்லை.

உள்ளூரில் சர்வர் வைத்தால் வரும் செலவு வேறு வகை: கணினி, யுபிஎஸ், வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு, கேபிள், கட்டுகிறவருக்குக் கூலி, வருடப் பராமரிப்பு. இந்தக் கடைசி வரியை எழுத்தில் வாங்குங்கள். பராமரிப்பில் என்ன அடங்கும், ஒரு புது ரிப்போர்ட் கேட்டால் தனிக் காசா, போன் செய்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார்? ‘பார்த்துக்கலாம் சார்’ என்பது பதில் இல்லை.

பணத்தை எப்படிக் கொடுப்பது? நாங்கள் இரண்டாம் தடவை நான்கு தவணையாகப் பிரித்தோம்: வேலை தொடங்கும்போது 20 சதவீதம், தேர்வுத் தாள் லாட்டுகள் சரியாக ஓடியதும் 30, ஒரு மாதம் இணையாக ஓடியதும் 30, மீதி 20 நிரலும் கடவுச்சொற்களும் கைக்கு வந்த பிறகு. பேசும்போது முகம் சுளித்தார். ஆனால் அந்தக் கடைசி 20 இல்லாவிட்டால் நிரல் நம் கைக்கு வந்திருக்காது.

7. கையெழுத்துப் போடும் முன் வெளியே போகும் வழியைப் பாருங்கள்

ட்ரயல் நாட்களிலேயே மொத்த டேட்டாவையும் வெளியே எடுத்துப் பாருங்கள். எல்லா டேபிளும் வருகிறதா, இணைத்த ஸ்கேன் படங்கள் வருகின்றனவா, டிசிக்கும் ரசீதுக்கும் உள்ள தொடர்பு எண் வருகிறதா. ரிப்போர்ட்டாக மட்டும் வந்தால் அது டேட்டா இல்லை, அச்சுப் பிரதி.

ஆக்சஸில் கட்டித் தருகிறவர் ஏசிசிடிஇ (.accde) கோப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். ஓடும், ஆனால் அதில் நிரலைப் பார்க்கவோ ஃபார்மைத் திருத்தவோ முடியாது. மூலக் கோப்பான ஏசிசிடிபியை (.accdb) கேட்டு வாங்குங்கள். நிரலுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும்.

சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: வெளி ஆளிடம் காசு கொடுத்து நிரல் எழுதச் சொன்னாலும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை எழுதியவருக்கே. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். ஆகவே காலத்தையும் எல்லையையும் குறிப்பிட்டு ஒரு பத்தி சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் காட்டுங்கள். ஒரு பக்க வேலை.

உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் கணக்குக்குப் பயன்படுத்தும் மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு இருக்க வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். நீங்கள் கட்டும் சிஸ்டத்தில் இருந்து பில் போகிறது என்றால் அது இதற்குள் வருமா என்று ஆடிட்டரிடம் கட்டும் முன்பே கேளுங்கள். பாதியில் சேர்ப்பது வீடு கட்டி முடித்த பிறகு குழாய் பதிப்பது மாதிரி. தனி உடைமை, பார்ட்னர்ஷிப் நிறுவனங்களுக்கு இந்த விதி இல்லை. ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு எடை திருத்தப்பட்ட அன்று உதவும்.

8. நாள் குறியுங்கள்

எங்கள் ஏழு வாரம் இப்படிப் போனது. காகிதம் சேர்க்கவும் பொருள் பட்டியல் சுத்தம் செய்யவும் இரண்டு வாரம். இரண்டு கருவிகளையும் தேர்வுத் தாளோடு ஓட்டிப் பார்க்க ஒரு வாரம். கட்டுவதற்கு நான்கு வாரம். அதன் பிறகு ஒரு மாதம் டிசி புத்தகமும் சிஸ்டமும் இணையாக ஓடின. அது இந்த ஏழில் சேராது.

மார்ச்சில் தொடங்காதீர்கள். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம் வேண்டாம், போனஸும் டெலிவரியும் ஒன்றாக வந்து நிற்கும். மாதத்துக்குள் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன்களுக்குக் கடைசி நாள். இந்த இரண்டுக்கும் நடுவே எதையும் மாற்ற வேண்டாம். மாதத்தின் முதல் தேதி நல்லது, ஏனென்றால் தொடக்க ஸ்டாக்கை அன்று காலை எடை போட்டே ஏற்றிவிடலாம். பார்ட்டிகளிடம் உள்ள துணிக்கு அவர்களிடமே கையெழுத்து வாங்கி ஏற்றுங்கள். இதில் எங்களுக்கு மூன்று பார்ட்டியிடம் கணக்கு ஒத்துப் போகவில்லை. சிஸ்டம் வராவிட்டாலும் அது வெளியே வர வேண்டிய கணக்குதான்.

இணையாக ஓடும் மாதத்தில் தினமும் மாலை ஐந்து டிசியை எடுத்து, புத்தகத்தோடு சிஸ்டத்தை ஒத்துப் பாருங்கள். எங்கள் குடோன் அண்ணன் முதல் வாரம் இரண்டு இடத்தில் எழுதச் சொன்னதற்குப் பேசவே இல்லை. மூன்றாம் வாரம் ஒரு டையிங்காரர் போனில் “அந்தத் துணி அப்பவே அனுப்பிட்டோமே” என்றதும், மொபைலில் டிசி எண்ணைப் பார்த்து “95.4 கிலோ வந்துச்சு, மீதியைச் சொல்லுங்க” என்றார். அந்த மாதக் கடைசியில் புத்தகத்தில் எழுதுவதை நிறுத்தச் சொல்லி அவரே வந்து கேட்டார்.

நிறுத்தலாம். பழைய புத்தகங்களைத் தூக்கிப் போடாதீர்கள்: ஜிஎஸ்டி கணக்குகளை அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் நிதியாண்டை எழுதி, கரையான் ஏறாத அலமாரியில் வையுங்கள்.